ராபர்ட் குபிட்சா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரேஸ் டிரைவர்களின் ஏற்ற இறக்கம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி குபிட்சாவைப் பற்றித்தான். சரி, இந்த முறை அவரையே எடுத்துக்கொள்வோம்.

தஞ்சாவூர் வாசகர்: ரேஸ் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது சார். ஃபார்முலா ஒன்னில் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்தவருக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

போலந்தின் கிராகோவ் நகரத்துக்காரர். 1984-ல் பிறந்தவர். அந்த நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்கு வந்த முதல் ஆள். 2006 ஹங்கேரியில் டிரைவர் வில்னவின் இடத்தில் பிஎம்டபிள்யூ சௌபர் காரில் உட்கார்ந்தார், ஏழாவதாக முடித்தார். கார் எடை குறைவு என்று அந்த இடத்தைப் பறித்தார்கள். மூன்றாவது ரேஸே மோன்சாவில் போடியம், அதாவது முதல் மூன்றில் ஓர் இடம். ஹாமில்டன், அலோன்சோ வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர் அவர். வெற்றிகளை மட்டும் எண்ணினால் இது புரியாது.

ஈரோடு வாசகர்: 2008 மான்ட்ரியல் வெற்றி அதிர்ஷ்டம்தானே? ஹாமில்டன் பிட்டில் மோதியதால் கிடைத்தது.

பாதி உண்மை. ஆபத்து நேரத்தில் கார்களை மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்ததும் முன்னணியில் இருந்தவர்கள் எல்லாரும் டயரும் எரிபொருளும் மாற்றும் பிட்டுக்குள் நுழைந்தார்கள். பிட்டிலிருந்து வெளியேறும் வாசலில் சிவப்பு விளக்கு. குபிட்சாவும் ரைக்கோனனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஹாமில்டன் விளக்கைக் கவனிக்காமல் வந்து ரைக்கோனனின் பின்பக்கம் இடித்தார், ஹாமில்டன் மேல் ராஸ்பெர்க் வந்து இடித்தார். ஒரு கார் அகலம் தள்ளி இடித்திருந்தால் அன்று குபிட்சாவின் கதையும் முடிந்திருக்கும். இதுவரை அதிர்ஷ்டம்தான்.

ஆனால் அதற்கப்புறம் அவருடைய டீமின் ஹைட்ஃபெல்டே வேறு பிட் கணக்கில் முன்னால் இருந்தார். குபிட்சா இன்னொரு முறை பிட்டுக்குப் போயாக வேண்டும், போய்த் திரும்பும்போதும் முன்னாலேயே இருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சுற்றுக்குச் சுற்று ஓட்டியே சம்பாதித்தார். அதை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. 2007-ல் இதே மான்ட்ரியலில்தான் ட்ருல்லியின் காரைத் தொட்டுவிட்டு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினார். உச்சத்தில் 75 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 75 மடங்கு விசை பதிவான மோதல். கணுக்கால் சுளுக்கும் தலையதிர்ச்சியும்தான் மிஞ்சின. டாக்டர்கள் அடுத்த ரேஸுக்கு விடவில்லை. அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்து எட்டாவதாக வந்த பையன் பெயர் செபாஸ்டியன் வெட்டல். ஒருவனுக்கு விழும் அடி இன்னொருவனுக்கு வாசலைத் திறந்துவிடும் தொழில் இது.

வேலூர் வாசகர்: அந்த வெற்றிக்குப் பிறகு சாம்பியன்ஷிப்பிலேயே முதலிடத்தில் இருந்தாராமே? அப்புறம் என்ன ஆச்சு?

42 புள்ளியோடு அவர் முன்னால், ஹாமில்டனும் மாஸாவும் 38. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். பிஎம்டபிள்யூ போட்டுவைத்திருந்த திட்டப்படி 2008-ல் ஒரு ரேஸ் ஜெயிக்க வேண்டும், பட்டத்துக்கு மோதுவது 2009-ல். ஒன்று ஜெயித்தாகிவிட்டது, அதனால் கவனத்தை அடுத்த வருஷக் காருக்குத் திருப்பினார்கள். டிரைவர் முதலிடத்தில் இருக்கும்போது! குபிட்சா வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். கடைசியில் நான்காவது இடம்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த 2009 கார் படுசொதப்பல். ஆற்றலைச் சேமித்துத் திருப்பித்தரும் கெர்ஸ் சாதனம் கனமானது. குபிட்சாவோ உயரமானவர், அதற்கேற்ற எடை, இரண்டும் சேர்ந்தால் கார் பாரமாகிவிடும். அந்த ஜூலையிலேயே கம்பெனி விளையாட்டைவிட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. 2011-ல் அவர் கையைச் சிதைத்த விபத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பட்டம் அவர் கைநழுவியது ஒரு மீட்டிங் அறையில் என்றே நான் சொல்வேன்.

நாகர்கோவில் வாசகர்: ஃபார்முலா ஒன் டிரைவருக்கு ராலி எதற்கு? தானே தேடிக்கொண்ட வினை இல்லையா?

ராலி, அதாவது சாதாரணச் சாலைகளில் நேரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி, அவருக்குப் பிடிக்கும், அப்போதைய டீமான ரெனோவும் அனுமதித்திருந்தது. 2010-ல் அந்தச் சுமாரான காரில் மூன்று போடியம். 2011 பிப்ரவரி தொடக்கத்தில் வலென்சியா டெஸ்டில் வேகமான நேரம். சில நாளில், பிப்ரவரி 6, இத்தாலியின் ஆண்டோராவில் ஒரு சின்ன ராலி. சாலையோரத் தடுப்புக் கம்பி ஸ்கோடா காருக்குள் புகுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கோ-டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருடைய வலது முன்கை சிதைந்தது, பல மணி நேரம் ஆபரேஷன். 2012-க்கு ஃபெராரியில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். வினை என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவர் அப்படித்தான், ரிஸ்க் இல்லாத குபிட்சாவாக இருந்திருந்தால் அந்த வேகமும் இருந்திருக்காது.

சேலம் வாசகர்: நிக்கி லவுடா ஆறு வாரத்தில் திரும்பி வந்தார். இவருக்கு ஏன் எட்டு வருஷம்?

1976 நூர்பர்க்ரிங் ரேஸ் விபத்தின் தீயில் லவுடாவுக்கு முகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டன. கை கால் ஓட்டும் நிலையில் இருந்தன. ரத்தம் கசிகிற கட்டோடு மோன்சாவில் நான்காவதாக வந்தார். தைரியத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் குபிட்சாவுக்குப் பழுதானது ஸ்டியரிங் பிடிக்கும் கை. அதைத் தைரியத்தால் சரிசெய்ய முடியாது.

சென்னை வாசகர்: ராலி கார் ஓட்ட முடிந்த கைக்கு ஃபார்முலா ஒன் ஏன் முடியவில்லை?

நல்ல கேள்வி. அவரால் வலது முன்கையைச் சரியாகத் திருப்ப முடியாது. ராலி காரில் இடம் இருக்கிறது. தோளையும் முழங்கையையும் அசைத்துச் சமாளிக்கலாம். அப்படித்தான் 2013-ல் உலக ராலியின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி-2 பட்டமே வாங்கினார். ஒற்றை இருக்கைக் காரில் முழங்கை பக்கச் சுவரில் முட்டும். வேலையில் பெரும்பங்கை இடது கை ஏற்றுக்கொள்ளும்படி வருஷக்கணக்கில் பழகினார். 2017-ல் ரெனோ ஹங்கேரியில் டெஸ்ட் கொடுத்தபோது ஒரே நாளில் 142 சுற்று ஓட்டினார், நான்காவது வேகமான நேரம்.

திண்டுக்கல் வாசகர்: இவ்வளவு பாடுபட்டு வந்தவர் 2019-ல் கடைசியில்தானே ஓடினார்? 21 ரேஸிலும் தகுதிச்சுற்றில் டீம் கூட்டாளி ரஸ்ஸலுக்குப் பின்னால். வராமலே இருந்திருக்கலாம் அண்ணா.

தகுதிச்சுற்றுக் கணக்கு சரிதான் தம்பி, மறைக்க ஒன்றுமில்லை. வில்லியம்ஸ் கார் அந்த வருஷம் மற்ற எல்லாரையும்விட மெதுவானது, அதிலும் ரஸ்ஸல் இவரைவிட வேகம். ஆனால் ஹாக்கன்ஹைம் மழையில் 12-ஆவதாக வந்தவர், முன்னால் முடித்த ஆல்ஃபா ரோமியோ டீமின் இரண்டு கார்களுக்கும் தண்டனை கிடைத்ததால் 10-ஆவது ஆனார். அந்த வருஷம் முழுக்க வில்லியம்ஸ் எடுத்த ஒரே புள்ளி அது. அதனால் புள்ளிப் பட்டியலில் ரஸ்ஸலுக்கு மேலே குபிட்சா! அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், ஆனால் சிரித்துக்கொள்ளலாம். 2019-ஐ மாபெரும் மறுவருகை என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் அது அவருடைய பள்ளம். மறுவருகை வேறு இடத்தில் நடந்தது, கடைசிக்கு முந்தின பதிலில் சொல்கிறேன்.

காரைக்குடி வாசகர்: அந்த சீட்டே எண்ணெய்க் கம்பெனிப் பணத்தில் வாங்கியது என்கிறார்களே?

போலந்தின் ஆர்லென் கம்பெனி அவரோடு ஸ்பான்சராக வந்தது. கடைசி வரிசை டீம்களில் பணம் இல்லாமல் சீட் கிடைப்பது அரிது.

கோவை வாசகர்: நம்ம நரேன் கார்த்திகேயன் கதையும் இதுதானே?

ஓரளவு. 2005-ல் ஜோர்டன் காரில் வந்த முதல் இந்தியர். மிஷ்லின் டயர் பிரச்சினையால் ஆறு கார் மட்டுமே ஓடிய இண்டியானாபொலிஸில் நான்காவது இடம், ஐந்து புள்ளி. அப்புறம் வில்லியம்ஸ் டெஸ்ட் டிரைவர். 2011, 2012-ல் ஹெச்ஆர்டி டீம். தகுதிபெறுவதே போராட்டமான கார் அது. ஆனால் ஊரில் பலர் அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் ஜப்பானுக்குப் போய் சூப்பர் ஃபார்முலாவில் வருஷக்கணக்கில் ஓட்டினார். அங்கே இருக்கும் டிரைவர்களின் தரம் தெரிந்தால் அதைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டீர்கள்.

புதுச்சேரி வாசகர்: லெ மான்ஸில் என்னதான் நடந்தது?

பிரான்ஸின் 24 மணி நேர ரேஸ் அது. 2021-ல் எல்எம்பி-2 என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் முன்னால் ஓடிய அவர்கள் கார் கடைசிச் சுற்றில் நின்றுபோனது. 24 மணி நேரத்தில் கடைசிச் சுற்று! அப்போது ஓட்டியவர் கூட்டாளி யே யிஃபெய். 2023-ல் அந்தப் பிரிவின் உலகப் பட்டம். 2025 ஜூனில் ஏஎஃப் கோர்ஸேயின் மஞ்சள் ஃபெராரி, எண் 83: அதே யே, ஃபில் ஹான்சன், குபிட்சா. கடைசி ஐந்து ஸ்டிண்ட்டையும் (ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் இடையிலான ஓட்டம்) நாற்பது வயது குபிட்சாவே ஓட்டினார், பின்னால் போர்ஷே துரத்த. 14 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். ஒட்டுமொத்த வெற்றி, பிரிவு வெற்றி இல்லை. இதைத்தான் மறுவருகை என்று நான் சொன்னது.

மதுரை வாசகர்: ஒரு ரேஸ் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

2008 மான்ட்ரியல். முழு ரேஸாகப் பாருங்கள். ஹைலைட்ஸில் பிட் மோதல்தான் இருக்கும், அவர் இடைவெளி சேர்த்த சுற்றுகளை வெட்டியிருப்பார்கள்.