படமும் இடமும்: திருச்சியில் ஏது அம்மா இந்த மலை?

கேள்வி: எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கெட்டி அட்டையில் ஒட்டிய பழைய படம் ஒன்று கிடைத்தது. வரிசையாகத் தகரக் கொட்டகைகள், முள்வேலி, வேலிக்குள் தாடியும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள். முன்னால் ரயில் தண்டவாளம், பின்னால் மலை. அட்டையின் பின்புறம் பென்சிலில் '1900' என்று இருக்கிறது. "திருச்சியில் போயர் கைதிகளை அடைத்து வைத்த இடம் இது. உன் கொள்ளுத்தாத்தாதான் அங்கே சாமான் சப்ளை செய்தார்" என்று பாட்டி சொல்வார். இது திருச்சியில் எந்த இடம்? (ஒரு வாசகி, உறையூர்)

பதில்: முதலில் பாட்டிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். போயர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர். அங்கே பிரிட்டிஷாரோடு போரிட்டுப் பிடிபட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா என்று முகாம்கள் சிதறிக் கிடந்தன. இந்திய முகாம்களில் திருச்சியும் ஒன்று. ஆகவே பாட்டி கதை விடவில்லை.

ஆனால் அம்மா, படத்தில் இருக்கும் மலையைப் பாருங்கள். கொட்டகைகளுக்குப் பின்னால் புல் போர்த்திய மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போய், படத்தின் மேல்விளிம்பை முட்டுகின்றன. திருச்சியில் மலைக்கோட்டை உண்டு, பொன்மலை உண்டு. இரண்டும் சமவெளியில் தனியே துருத்தி நிற்கும் பாறைகள். நாலாபுறமும் புல்மேடு சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலம் அந்த ஊரில் எங்கே இருக்கிறது? உறையூரில் பிறந்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பென்சிலில் உள்ள 1900ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்சில் எழுத்து எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்தியாவுக்குப் போயர் கைதிகள் வரத் தொடங்கியதே 1901இல்தான். பென்சில் உண்மை சொல்கிறது என்றால் திருச்சி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

சரி, மலைநாட்டு முகாம் எது? நம் பக்கத்தில் நீலகிரியில் கேத்தியில் ஒன்று இருந்தது. அங்கும் புல்மேடு, அங்கும் பள்ளத்தாக்கு. நானும் இரண்டு நாள் கேத்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டவாளம்தான் என்னைத் தடுத்தது. நீலகிரி ரயில் 1899இல் குன்னூரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கேத்தி வழியாக ஊட்டிக்குப் பாதை திறந்தது 1908இல். போயர் போரோ 1902 மே மாதமே முடிந்துவிட்டது. கேத்திக் கைதிகளின் வேலியோரம் தண்டவாளம் ஓட வழியே இல்லை.

மிஞ்சுவது இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள தியத்தலாவை. கொழும்பிலிருந்து வரும் ரயில் 1894இலேயே பண்டாரவளையை எட்டிவிட்டது. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் தியத்தலாவை. 1900 ஆகஸ்டில் முதல் தொகுதிக் கைதிகள் அங்கே வந்து இறங்கினார்கள். இலங்கைக்கு வந்த போயர்கள் மொத்தம் ஐயாயிரம் பேர் அளவில். தகரக் கொட்டகை, முள்கம்பி வேலி, சுற்றிலும் 'பத்தனா' என்று அங்கே சொல்கிற புல்வெளி மேடுகள். கைதிகள் உள்ளேயே நடத்திய பத்திரிகை ஒன்றின் பெயரே 'டி பிரிக்கல்டிராட்'. அவர்கள் பாஷையில் 'முள்கம்பி' என்று பொருள்.

பொருந்துகிறது என்று வாயால் சொன்னால் போதாது, அளந்து பார்க்க வேண்டும். நான் முப்பது வருஷம் சர்வேயில் இருந்தவன். நில அளவை வரைபடம் போடும் பலகையான பிளேன் டேபிளைத் தோளில் சுமந்து மேடு ஏறிய கடைசித் தலைமுறை. பழைய படம் வந்தால் முதலில் ஒரு டிரேசிங் பேப்பரை அதன்மேல் வைத்து வானத்தைத் தொடும் கோட்டை மட்டும் பென்சிலால் இழுத்துக்கொள்வேன். கொட்டகை போய்விடும், மரம் போய்விடும், அந்தக் கோடு நூறு வருஷத்தில் அசையாது. உங்கள் படத்தில் மூன்று புள்ளிகள் தெளிவாக விழுந்தன: இடப்பக்கம் ஒரு மொட்டைத் திமில், நடுவில் ஒரு பள்ளம், வலப்பக்கம் மூக்குப் போல் நீட்டிய முனை. திமிலிலிருந்து பள்ளத்துக்கு 31 மில்லிமீட்டர், பள்ளத்திலிருந்து மூக்குக்கு 47. எந்த லென்ஸில் எடுத்தார்கள் என்று தெரியாவிட்டாலும் 31க்கு 47 என்ற விகிதம் பெரிதாக மாறாது. கூகுள் எர்த்தில் தியத்தலாவை ரயில் நிலையத்தின் பக்கம் ஆள் உயரத்துக்கு இறங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் மூன்றும் வந்தன, ஆனால் பள்ளம் திமிலுக்கு நெருக்கமாக விழுந்தது. பள்ளம் இருப்பது கிட்டத்து மேட்டில், திமில் இருப்பது தூரத்து மேட்டில். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் கிட்டத்தில் இருப்பது தூரத்தில் இருப்பதற்கு முன்னால் வலப்பக்கம் நகரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தினேன். 31க்கு 47 வந்து உட்கார்ந்தது. புகைப்படக்காரர் முக்காலியை நட்ட இடம், ஐம்பது மீட்டர் முன்னே பின்னே, அதுதான்.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒருமுறை மூக்கு உடைபட்டது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கேள்வி-பதில் பகுதியில், நீலகிரி வெலிங்டன் என்று வந்த ஒரு படத்தைப் பார்த்து, "இது வெலிங்டன் அல்ல, முகடு பொருந்தவில்லை" என்று அடித்துச் சொன்னேன். குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை கடிதம் எழுதினார்: "ஐயா, புத்தகத்தைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பாருங்கள்." பிடித்தேன். வெலிங்டனேதான். கண்ணாடித் தகட்டில் இருந்த நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள், இடம் வலமாகிவிட்டது. அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். அன்றிலிருந்து படம் வந்தால் மலைக்கு முன்னால் சட்டைப் பொத்தானைத்தான் பார்க்கிறேன். ஆண்கள் உடுப்பில், அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வரும். வலப்பக்கத் துணி மேலே வந்தால் படமே புரண்டிருக்கிறது. உங்கள் படத்தில் வேலியோரம் நிற்பவரின் கோட்டு சரியாக இருக்கிறது.

இடம் தீர்ந்தது. காலம் அத்தனை சுலபமில்லை, ஏனென்றால் தியத்தலாவை மூன்று முறை சிறையாக இருந்த ஊர். போயர்களுக்குப் பிறகு முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை அங்கே வைத்தார்கள். இரண்டாம் போரிலும் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் அங்கேதான். 1942 வாக்கில் அவர்களை டேராடூனுக்கு மாற்றினார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற பௌத்தத் துறவி ஞானபோனிக தேரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அதனால் 'தகரக் கொட்டகையும் வெள்ளைக்காரரும்' என்பதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. நீண்ட தாடி, மடித்த விளிம்புத் தொப்பி, பதினாலு வயதுப் பையனும் அறுபது வயதுக் கிழவரும் ஒரே வரிசையில் சீருடையின்றி நிற்பது, இவை போயர் கூட்டத்துக்கே உரியவை. துணைச் சான்றாக இன்னொன்று: அங்கே ஃபாக்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரி உருவம் பதித்திருக்கிறார்கள். எச்.எம்.எஸ். ஃபாக்ஸ் கப்பலின் மாலுமிகள் செய்த வேலை. உங்கள் படத்தில் அந்தச் சரிவு வெறும் புல்லாக இருக்கிறது. நரிக்கு முந்தைய படம்.

அப்படியானால் உறையூர்ப் பெட்டிக்குள் எப்படி வந்தது? முகாம் படங்களைப் பிரதி எடுத்து விற்ற காலம் அது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது, தோட்டத்துக்குப் போனவர்கள், வியாபாரத்துக்குப் போனவர்கள் என்று நம் வீடுகளில் யாருக்குத்தான் அக்கரைச் சீமை உறவு இல்லை? கொள்ளுத்தாத்தா திருச்சி முகாமுக்குச் சாமான் கொடுத்திருக்கலாம். அவரிடமே இந்தப் படமும் இருந்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறந்தபோது கதை ஒன்று, படம் ஒன்று கிடைத்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் நடந்திருப்பது இதுதான். கதையைத் தூக்கி எறியாதீர்கள், தையலை மட்டும் பிரித்து வையுங்கள்.

கேள்வி: தாத்தா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். மணலில் கூடாரங்கள், நடுவில் அவரும் நான்கு நண்பர்களும் நிற்கும் படத்தின் பின்னால் 'எம்.இ.எஃப். 1943' என்று மட்டும் இருக்கிறது. பஸ்ரா என்று அப்பா சொல்கிறார். ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை? (ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்)

பதில்: எழுதக் கூடாது, தம்பி. தணிக்கைக்காரர் பார்த்தால் அடித்துவிடுவார். ஊருக்குப் பதிலாக எழுதியதுதான் அந்த மூன்று எழுத்து: மிடில் ஈஸ்ட் ஃபோர்ஸ். எகிப்தை மையமாகக் கொண்ட படை. இராக், பாரசீகப் பக்கம் இருந்தவர்களுக்கு 1942 கடைசியிலிருந்து 'பாய்ஃபோர்ஸ்' என்று தனிப் பெயர் வந்துவிட்டது. இத்தாலிக்குப் போனவர்கள் 'சி.எம்.எஃப்.' (சென்ட்ரல் மெடிட்டரேனியன் ஃபோர்ஸ்) என்று எழுதினார்கள். அதனால் 1943க்கு பஸ்ராவைவிட எகிப்து, லிபியா, பாலஸ்தீனம் பக்கம்தான் நான் முதலில் தேடுவேன். தாத்தா 1941இல் பஸ்ராவில் இருந்திருக்கலாம், அந்த ஊர்ப் பெயர் அப்பாவின் காதில் தங்கியிருக்கலாம். அது வேறு.

மணலும் கூடாரமும் எதையும் காட்டிக் கொடுக்காது. படத்தில் ஒரு கருவேல மரம்கூட இல்லை. ஆகவே ஓரத்தைப் பாருங்கள். அட்டையின் மூலையில் அழுத்தி விழுந்த ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா? விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மை இல்லாத முத்திரைகூட நிழலில் எழும்பும். கெய்ரோ ஸ்டூடியோ என்றால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் தாத்தாவின் கடித உறை ஒன்றாவது இருந்தால் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலைய) எண்ணைத் தேதியோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண் மட்டும் போதாது. களத் தபால் நிலையம் படையோடு சேர்ந்து நகரும். அந்த எண் மார்ச்சில் ஓர் ஊர், ஜூலையில் வேறு ஊர்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தக் கம்பெனி என்ற எண். அது தெரிந்தால் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசையில் மத்திய கிழக்குப் படைகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்தத் தேதியில் எந்த முகாம் என்று அதில் எழுதியிருப்பார்கள். கம்பெனி எண்ணுக்கு தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாருங்கள். இல்லையென்றால் சாப்பர்களின் தலைமையகமான பெங்களூரு எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) அவருடைய படை எண்ணோடு எழுதிக் கேளுங்கள். 'தம்பி'களின் பேரன் என்று சொல்லுங்கள். சாப்பர்களுக்கு ராணுவத்தில் அதுதான் செல்லப்பெயர்.

கேள்வி: போனில் படத்தைப் போட்டுத் தேடினால் இடம் வந்துவிடாதா? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: தாஜ்மகால் வரும். முகாம் வராது, உலகத்துக் கூடாரமெல்லாம் வரும். தேடுவதற்கு முன் ஆட்களையும் கூடாரத்தையும் வெட்டிவிட்டு, மலைக்கோடு அல்லது ஒரு தனிக் கட்டடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு தேவாலயக் கோபுரம் ஒருமுறை அகப்பட்டது.

கேள்வி: 1930களின் குழுப் படம். நடுவில் நாற்காலியில் ஒரு துரை, பின்னால் தலைப்பாகையும் குறுக்குப் பட்டையுமாக நான்கு சிப்பாய்கள். கீழே 'கேம்ப்: திண்டுக்கல்' என்று அச்சிட்டிருக்கிறது. பின்வரிசையில் உள்ள கொள்ளுத்தாத்தாவை வீட்டில் 'டபேதார்' என்பார்கள். திண்டுக்கல்லில் ராணுவ முகாம் எங்கே இருந்தது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஒரு காலத்தில் படை இருந்தது உண்மைதான். ஆனால் உங்கள் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலெக்டரோ சப் கலெக்டரோ சுற்றுப்பயணம் போனால் அவர் தங்கிய இடம் 'கேம்ப்'. இன்றைக்கும் அரசுக் கடிதங்களின் தலையில் 'முகாம்: மதுரை' என்று போடுகிறார்கள், யாரும் அங்கே கூடாரம் அடிப்பதில்லை. உங்கள் படம் பெரும்பாலும் ஜமாபந்தியில் எடுத்தது. துரையின் கால்மாட்டில் துணி சுற்றிய கட்டுகள் இருக்கின்றன பாருங்கள், அவை கிராமக் கணக்குகள்.

டபேதார் என்றால் குதிரைப்படையில் ஒரு பதவி, கலெக்டர் ஆபீஸில் வேறு பதவி. குறுக்குப் பட்டையின் நடுவில் பித்தளை வில்லை தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்து அதில் உள்ள எழுத்தைப் படித்து எனக்கு எழுதுங்கள். ஆபீஸ் பெயரே அதில் இருக்கும். படத்தை அனுப்ப வேண்டாம், அட்டையிலிருந்து உரிக்கவும் வேண்டாம்.