மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்த பிறகும் அமீனா ஏன் வந்தார்?

தீர்ப்பாணையின், அதாவது தீர்ப்பின்படி நீதிமன்றம் இடும் ஆணையின், நிறைவேற்றத்தை மேல்முறையீட்டுக் காலத்தில் நிறுத்திவைப்பது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்புக்காகவும் நிறைவேற்று மனுக்களை நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என்னைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்து, எண்ணும் வாங்கிவிட்டோம். ஆயினும் நேற்று நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வாரண்டுடன் வந்துவிட்டார். இது முறையா?

பதில்: முறைதான். மேல்முறையீடு செய்யப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் நிறைவேற்றம் நின்றுவிடாது என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 5ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. தடை கோரும் மனுவைத் தனியாகப் பிரமாணப் பத்திரத்துடன் தாக்கல் செய்து, அதில் உத்தரவும் பெற வேண்டும். எண் கிடைத்தவுடன் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது என்று நம்பி, ஸ்டே மனுவை அடுத்த வாய்தாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுவதால் வீட்டை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தீர்ப்பு நகல் கிடைத்து மேல்முறையீடு தயாராகும் வரை என்ன செய்வது?

பதில்: மேல்முறையீட்டுக்கான காலக்கெடு முடிவதற்குள், தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே தடை கேட்கலாம், அதே 5ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு அதற்கு இடம் தருகிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ செல்லும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். எங்கே கேட்டாலும் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும்: தடை இல்லாவிட்டால் மனுதாரருக்குக் கணிசமான இழப்பு நேருமா, காலதாமதமின்றி வந்திருக்கிறாரா, பின்னர் தோற்றால் தீர்ப்பாணைக்குக் கட்டுப்படுவதற்கு ஈடு, அதாவது பிணையம், கொடுத்திருக்கிறாரா. வழக்கில் தமக்கு வலுவான வாதம் இருக்கிறது என்று பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள் இந்த மூன்றாவதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

கேள்வி: எனக்கு எதிராக எட்டு லட்சம் ரூபாய்க்குப் பணத் தீர்ப்பாணை வந்துள்ளது. முழுத் தொகையையும் கட்டினால்தான் தடை கிடைக்குமா?

பதில்: முழுத் தொகையா, ஒரு பகுதியா, சொத்துப் பிணையமா, வங்கி உத்தரவாதமா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. ஆனால் எதையும் கட்டாமல் பணத் தீர்ப்பாணைக்குத் தடை பெறுவது அரிது. கொடுத்த பணத்தைப் பின்னர் திரும்பப் பெறலாம், ஆகவே அதில் ஈடுசெய்ய முடியாத இழப்பு இல்லை என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. மேல்முறையீட்டில் நீங்கள் வென்றால், 144ஆம் பிரிவின்படி பழைய நிலையை மீட்டுத் தரக் கோரலாம். சொன்ன தொகையைக் கட்டத் தவறினால் தடை கிடைக்காது. அதற்காக மேல்முறையீடு தள்ளுபடியாகிவிடாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, பணம் திரட்ட முடியவில்லை என்பதற்காக மேல்முறையீட்டையே கைவிட வேண்டாம்.

கேள்வி: கடைக்கு மாதம் 900 ரூபாய்தான் வாடகை. தடை தருவதற்கு மாதம் 12,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறது நீதிமன்றம். பழைய வாடகையைத் தவறாமல் கட்டி வருகிறேனே, இது நியாயமா ஐயா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. புது தில்லி கன்னாட் சர்க்கஸ் பகுதியில் மாதம் 371 ரூபாய் 90 காசு வாடகையில் இருந்த நிறுவனத்துக்கு, மாதம் 15,000 ரூபாய் கட்டினால்தான் தடை என்று வாடகைத் தீர்ப்பாயம் நிபந்தனை விதித்தது. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்க, உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. காலி செய்யும் தீர்ப்பாணை வந்த நாளோடு வாடகை உறவு முடிந்துவிடுகிறது, அதன்பின் இடத்தில் தொடர்கிறவர் அந்த இடம் வெளியில் எவ்வளவுக்குப் போகுமோ அந்த அளவுக்கு உரிமையாளருக்கு ஈடு தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இல்லாவிட்டால் தோற்றவர் மேல்முறையீட்டை இழுத்தடிப்பதே லாபமான தொழிலாகிவிடும். இழுத்தடித்தவர்களுக்காகவும் வாதாடியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது தொகையின் அளவைக் குறைக்கக் கேட்பதுதான். அதே தெருவில் அதே பரப்புள்ள கடைகளின் அண்மைய வாடகை ஒப்பந்தங்களைத் திரட்டித் தாக்கல் செய்யுங்கள். "என்னால் முடியாது" என்பதைவிட "இந்தத் தெருவில் 7,000 ரூபாய்தான்" என்பது நீதிபதியின் காதில் ஏறும்.

கேள்வி: மேல்முறையீட்டு நீதிமன்றம் காலை 11 மணிக்குத் தடை தந்தது, கீழ் நீதிமன்றத்தின் வழியாக மதியமே இடத்தைச் சுவாதீனம் (கைவசம்) எடுத்துவிட்டார்கள். அது செல்லுமா?

பதில்: தீர்ப்பாணையை நிறைவேற்றும் கீழ் நீதிமன்றத்துக்கு, அதாவது நிறைவேற்று நீதிமன்றத்துக்கு, உத்தரவு தெரியவந்த நேரத்தைப் பொறுத்தது. தடையாணை அந்த நீதிமன்றத்துக்குத் தெரியவந்த பிறகே அதன் கையைக் கட்டும் என்று முல்ராஜ் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரியாமல் செய்த நிறைவேற்றம் செல்லாததாகிவிடாது. ஆனால் தடைக்குப் பின் நடந்தது என்று உடனடியாக மனுச் செய்தால், நீதியின் பொருட்டு 151ஆம் பிரிவின் கீழ் அதை மாற்றியமைக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. இந்த அவதியே வேண்டாம் என்றுதான் 5ஆம் விதியின் விளக்கவுரை ஒரு வழி வைத்திருக்கிறது. சான்றிட்ட நகலுக்குக் காத்திராமல், தடை பிறப்பிக்கப்பட்டதை நேரில் அறிந்த மேல்முறையீட்டாளர் அதைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கீழ் நீதிமன்றத்தில் கொடுத்தால், முறையான உத்தரவு வந்து சேரும் வரை அந்நீதிமன்றம் அதன்படி நடக்க வேண்டும். ஆகவே தடை உத்தரவு வரும் நாளில் கட்சிக்காரர் மேல் நீதிமன்றத்திலேயே இருப்பது நல்லது.

கேள்வி: நான் வென்ற தரப்பு. ஆறு மாதத்தில் தடை தானாகக் காலாவதியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. 2018இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் அப்படிச் சொல்லப்பட்டதை, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்று மாற்றிவிட்டது. தடையை நீக்க நீங்கள்தான் மனுச் செய்ய வேண்டும். அடுத்த முறை, தீர்ப்பு வந்த கையோடு 148-அ பிரிவின் கீழ் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்னும் முன்மனு, போட்டு வையுங்கள். அது 90 நாள் நிற்கும். எதிர்த்தரப்பு காலம் கடந்து மேல்முறையீடு செய்திருந்தால், தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை விசாரிக்க நீதிமன்றம் முடிவு செய்யும் வரை தடை தரக் கூடாது என்ற 41ஆம் கட்டளையின் 3-அ விதியையும் எடுத்துக்காட்டலாம்.

கேள்வி: என் வழக்கே தள்ளுபடியாகிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குத் தடை வாங்க முடியுமா?

பதில்: செலவுத் தொகையைத் தவிர அதில் நிறைவேற்ற எதுவும் இல்லை, ஆகவே நிறுத்திவைக்கவும் எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு சொத்தை விற்றுவிடும் என்பது உங்கள் அச்சமானால், மேல்முறையீட்டிலேயே 39ஆம் கட்டளையின் கீழ் விற்கக் கூடாது என்று இடைக்கால உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேளுங்கள்.