சோலார் ஹீட்டரில் வெந்நீர் மட்டும் மெதுவாக வருவது ஏன்? பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகுமா?

திருவொற்றியூரில் மாடி வீடு, மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், தொட்டியில் தண்ணீர் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. ஆனால் மாடிக் குளியலறையில் வெந்நீர் மட்டும் நூல் போல வருகிறது, தண்ணீர்க் குழாயில் குறையில்லை, பிளம்பர் பிரஷர் பம்ப் வைக்கச் சொல்கிறார், வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்பதே என் பதில். தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற மார்கழியில் இதே தொல்லை வந்தது. இதே ஆலோசனையும் வந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுநாள் குழாய்களோடு உழன்றவன் என்பதால், எங்கே தடை என்று தெரியாமல் பம்ப் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அளந்து பாருங்கள். பன்னிரண்டு லிட்டர் வாளி ஒன்றும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும். எங்கள் மாடிக் குளியலறையில் தண்ணீர்க் குழாய் அந்த வாளியை 65 நொடியில் நிரப்பியது. வெந்நீர்க் குழாய் 230 நொடி எடுத்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் வெந்நீர் 110 நொடியில் நிரம்பியது. இந்தக் கடைசி எண்தான் எனக்கு வழி காட்டியது. நம் வீடுகளில் தண்ணீரைத் தள்ளுவது உயரம் மட்டுமே. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மாடிக் குளியலறை ஷவருக்கும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே மூன்று நான்கு மீட்டர் இருந்தாலே அதிகம், அதாவது அரை பார் கூடக் கிடையாது. கீழ்த்தளத்துக்கு இன்னும் மூன்று மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில், வழியில் எங்கேனும் ஓர் அரை மீட்டர் அளவு வீணானாலும் முதலில் அடிபடுவது மாடிதான். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறை என்றால் அந்தக் குழாயின் வலையையும் ஆங்கிள் காக்கையும் (சுவரோரம் இருக்கும் சிறு அடைப்பு வால்வு) கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் முடிந்துவிடும். எல்லா வெந்நீர்க் குழாய்களிலும் குறை, அதிலும் மாடியில் அதிகம் என்றால், மொட்டை மாடிக்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேராகவே கிடந்தது. கோடையில் மொட்டை மாடிக்கு வெள்ளைக் குளிர்தள ஓடு பதித்தவர்கள், வெந்நீர்க் குழாயை வேலைக்கு இடைஞ்சல் என்று தூக்கி, வேலை முடிந்தபின் இரண்டு செங்கற்களின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹீட்டரிலிருந்து கிளம்பிய குழாய் செங்கல் மேல் ஏறி, பிறகு கைப்பிடிச் சுவரோரம் இறங்கியது. நடுவில் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சூடேறும்போது குமிழியாகப் பிரிந்து வரும்; உலை வைக்கும் பாத்திரத்தில் கொதி வருமுன்னே அடியில் சிறு குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காற்றுதான். குழாய் ஹீட்டரை நோக்கித் தொடர்ந்து மேலேறிச் சென்றால் அந்தக் காற்று தானாகத் தொட்டிக்குத் திரும்பி வென்ட் குழாய் வழியே வெளியேறிவிடும். மேடு இருந்தால் அங்கேயே தங்கும். இறங்கும் பக்கத்தில் காற்று எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு உயரத்துக்கான அழுத்தம் நமக்கு இல்லாமற் போகும். மேல்நிலைத் தொட்டி ஒருமுறை முழுதாகக் காலியாகி மறுபடி நிரம்பினால் குழாய் முழுக்கக் காற்று புகுந்து நிலைமை இன்னும் மோசமாகும். மெட்ரோ வாட்டர் வராத நாட்களில் லாரியை எதிர்பார்த்து வாழும் தெருக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றை வெளியேற்ற நான் செய்தது எளிய வேலை. குளியலறையில் தண்ணீரும் வெந்நீரும் கலந்து வரும் மிக்சர் குழாயின் வாயைக் கையால் இறுக அடைத்துக்கொண்டு, தண்ணீர், வெந்நீர் இரண்டு பிடிகளையும் திறந்தேன். வெளியேற வழியில்லாத தண்ணீர், வெந்நீர்க் குழாய்க்குள் பின்னோக்கிப் போய்க் காற்றை ஹீட்டர் பக்கம் தள்ளியது. வென்ட் குழாயில் களக் களக் என்ற சத்தம் கேட்டது. இதை அதிகாலையில் செய்யுங்கள், முன்னதாகச் சிறிது வெந்நீரைத் திறந்துவிட்டுச் சூட்டைக் கையால் சோதித்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருந்தால் இந்த முறை பலிக்காது. கண்ணாடிக் குழல் ஹீட்டர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: வெயிலில் காலியாகக் காய்ந்த குழல்களில் நடுப்பகலில் தண்ணீரை நிரப்பாதீர்கள், விரிசல் விடும்.

வாளி 230 நொடியிலிருந்து 125 நொடிக்கு வந்தது. வீட்டில் இதுவே போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை, ஏனென்றால் காற்றுப் போன பிறகும் தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர் ஏறக்குறைய இருமடங்கு நேரம் எடுத்தது. ஹீட்டரின் வெளிவாய் யூனியனை (கழற்றி மாட்டும் இணைப்பு) எடுத்துப் பார்த்தபோது, முக்கால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டின் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. மீதியெல்லாம் வெள்ளை உப்புப் படிவு.

நம் பக்கத்துப் போர் தண்ணீரின் குணம் அது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கடலோரத்துத் தெருக்களிலோ ஆழத்துக்கு ஏற்ப உப்பின் அளவு மாறுகிறது. உப்புக் கரிக்கும் தண்ணீர் எல்லாம் படிவு விடாது, படிவு விடுவது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட். அது சூடேறும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் குழாய்ச் சுவரில் ஒட்டும். அதனால்தான் அதே தொட்டி நீர் ஓடும் தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருக்க, வெந்நீர்க் குழாய் மட்டும் அடைகிறது. காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், ஹீட்டருக்கு அதையே கொடுங்கள். அதில் இந்தச் சுண்ணாம்புத் தொல்லை மிகக் குறைவு. நாங்கள் போரையும் மெட்ரோவையும் ஒரே சம்ப்பில் கலந்து வந்ததன் பலன்தான் அந்தப் பென்சில் துவாரம்.

ஜிஐ துண்டையும் எல்போவையும் எடுத்துவிட்டு, சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாய் போட்டேன். (சாதாரண பிவிசி இந்த இடத்துக்கு ஆகாது, வெந்நீரில் இளகித் தொங்கும்.) செங்கற்களை எடுத்து, ஹீட்டரை நோக்கி மெல்ல ஏறும்படி குழாயைச் சுவரில் கிளாம்ப் அடித்தேன். வாளி 75 நொடியில் நிரம்பியது. மேட்டைத் தவிர்க்கவே முடியாத வீடுகளில், மேட்டின் உச்சியில் ஒரு டீ போட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிட ஓரடியாவது உயரமாகத் திறந்த வென்ட் குழாய் நிறுத்தினால் போதும். ஹீட்டர் தொட்டிக்குள் படிந்ததைக் கரைக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலை ஊறவிட்டுக் கழுவலாம். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் ஊற்றி ஓட்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

வழியில் பழைய கேட் வால்வு இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். பிடி சுழலும், ஆனால் உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் நிற்கும். திறந்திருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இத்தனையும் பார்த்து, வெந்நீரும் தண்ணீரும் வாளியை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிரப்புகின்றன, ஆனாலும் ஷவருக்கு வேகம் போதவில்லை என்றால், அப்போது பம்ப் பற்றி யோசிக்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அழுத்தம் தாங்காத வகைத் தொட்டி. எனவே பம்ப் ஹீட்டருக்கு முன்னால் வரக்கூடாது, பின்னால், வெந்நீருக்கென்று செய்யப்பட்டதாக வர வேண்டும். காற்று நிற்கும் குழாயில் அதை இப்போதே மாட்டினால், தண்ணீர் கிடைக்காமல் வெறுமனே ஓடிச் சீல் கருகும். உங்கள் பிளம்பரிடம் முதலில் வெளிவாய் யூனியனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.