பண்டைய யூத ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள், பைபிளில் உள்ள சங்கீதங்கள் என்ற பக்திப் பாடல்களை எப்படி விளக்கினார்கள்?

எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். இருக்கும் எழுத்தை மட்டுமல்ல, இல்லாத எழுத்தையும்.

145ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். யூதர்கள் தினமும் மூன்று முறை சொல்லும் பாட்டு. நம் ஆத்திசூடி போல அகரவரிசையில் போகும். எபிரெயத்தில் 22 எழுத்துகள்; ஆனால் வசனங்கள் 21தான். 'நூன்' எழுத்துக்கு வசனமே இல்லை. ஏன்?

3ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் கற்பித்த ரபி யோகனான் சொன்ன காரணம், ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் நூலில், பெராகோத் பகுதியில் இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசியின் "இஸ்ரவேல் என்னும் கன்னிகை விழுந்தாள், இனி எழுந்திராள்" என்ற வசனம் நூனில்தான் தொடங்குகிறது. 'நாஃப்லா', விழுந்தாள். அந்த எழுத்தைச் சொல்ல, இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது ராஜாவுக்கு வாய் வரவில்லையாம்.

இதோடு விட்டிருந்தால் வெறும் சோகம். பாபிலோனிய ரபியான ரப் நக்மான் பார் இட்சாக் சங்கீதத்தில் அடுத்த எழுத்தின் வசனத்தைப் பார்க்கச் சொல்கிறார்: "கர்த்தர் விழுகிற யாவரையும் தாங்கி..." விழுந்தவளைப் பற்றி வாய் திறக்காத தாவீது, அடுத்த வரியிலேயே அவளைத் தாங்கிப் பிடித்துவிட்டான் என்கிறார். அந்த வரியில் வரும் 'விழுகிறவர்கள்' என்ற எபிரெயச் சொல்லும் 'நாஃப்லா'வின் வேரிலிருந்து வந்ததுதான். இஸ்ரவேல் தேசத்து அறிஞர்களோ ஆமோஸின் வசனத்தையே வேறு இடத்தில் நிறுத்தி வாசித்தார்கள்: "விழுந்தாள், இனி விழமாட்டாள். எழுந்திரு, இஸ்ரவேல் கன்னிகையே!" ஒரு சொல்லையும் மாற்றவில்லை, நிறுத்தும் இடம் மட்டும்தான். எருசலேம் ஆலயம் இடிந்துபோன பிறகு வாழ்ந்த மக்கள் இப்படி வாசித்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, அந்த நூன் வசனம் பிரதியெடுக்கும்போது விடுபட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். சவக்கடல் அருகே உள்ள கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்த சங்கீதச் சுருளில் நூன் வசனம் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் உண்டு. ஆனால் ரபிகள் கையில் இருந்தது அந்த இடைவெளியுள்ள பாடம். அதை அவர்கள் பிழை என்று தள்ளாமல், அதற்குள் ஒரு துக்கத்தைக் கேட்டார்கள். என் மனம் அந்தப் பக்கம்தான்.

அப்புறம், "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதம். கிறிஸ்தவர்களுக்கு அது சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தை. தால்முத்தில் அது பாரசீக ராஜாவின் மனைவியான யூதப் பெண் எஸ்தரின் குரல்: ராஜாவிடம் போகும் வழியில், சிலைகள் இருந்த அறையை அடைந்ததும் தேவப் பிரசன்னம் அவளை விட்டு விலகியபோது அவள் சொன்னதாம்.

வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் 145ஐத் திறந்து பாருங்கள். அந்த எழுத்து இல்லாத இடம் 13ஆம் வசனத்துக்கும் 14ஆம் வசனத்துக்கும் நடுவில்.