முப்பதாம் பக்கத்தில் நின்றுபோன ஓநாய்ப்பெண் காதல் கதை: சிக்கல் படத்தில் இல்லை

கேள்வி: ஒருத்தி பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிறவள், இன்னொருத்தி சாதாரணப் பெண். இருவருக்கும் காதல். 120 பக்க கிராஃபிக் நாவலாகத் தமிழில் வரைய ஆரம்பித்தேன். பௌர்ணமி இரவில் ஓநாய்ப்பெண் உண்மையையும் காதலையும் சொல்லும் காட்சியோடு 30-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது. மேலே நகரவில்லை. எங்கே தவறு?

பதில்:

நீங்கள் இந்நேரம் உங்கள் ஓவியத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். படம் வரையும் கை மோசமாக இருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே நின்றிருக்கும். முப்பது வரை வந்திருக்கிறதென்றால் கோளாறு கதையில்தான். உங்கள் கதையில் இருப்பது ஒரே ஒரு ரகசியம். அவள் ஓநாய் என்பதும், அவளுக்கு இவள்மேல் ஆசை என்பதும் ஒரே காட்சியில், ஒரே மூச்சில் வெளியே வந்துவிடுகின்றன. மீதி 90 பக்கத்துக்கு மறைக்கவும் எதுவும் இல்லை, இழக்கவும் எதுவும் இல்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இல் புத்தகமாக வந்தது, டிராகுலாவுக்கு 25 வருடம் முன்னால். அதில் ஒரு பெண்ணை நாடி வரும் ரத்தக்காட்டேரியும் ஒரு பெண். கடைசியில் ஆப்பு அடித்துத் தலையை வெட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1954-இல் வந்த காமிக்ஸ் கோடு (பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள்) ரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன், நடைப்பிணம் எல்லாவற்றையும் தடை செய்தது. அதே ஆவணத்தில் இன்னொரு இடத்தில், 'பாலியல் வக்கிரம்' என்று அவர்கள் எதை நினைத்தார்களோ அதன் சாடை கூட வரக்கூடாது என்றது. 1971-இல் விதியைத் தளர்த்தியபோது ரத்தக்காட்டேரிக்கும் ஓநாய்மனிதனுக்கும் அனுமதி கிடைத்தது. தன்பாலீர்ப்புக்குக் கிடைத்தது 1989 திருத்தத்தில். ஓநாய் 18 வருடம் முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது! நேராகச் சொல்ல முடியாதவர்கள் ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கோடு 2011-இல் கடைசிப் பதிப்பகங்களும் கைகழுவியதோடு செத்துப்போனது. தோல் மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

"அப்போ உருவகமே கூடாதா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'ஓநாயாக இருப்பது = பெண்ணை நேசிப்பது' என்று சமன்பாடு போட்டால், ஓநாய் நிஜமாகவே ஆளைக் கடிக்கும் பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஊர் அவளைக் கண்டு பயப்படுவது நியாயம்தான் என்று உங்கள் கதையே ஒப்புக்கொண்டுவிடும். நல்லெண்ணத்தோடு எழுதிய எத்தனையோ கதைகள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

பிரித்து வைத்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மோலி நாக்ஸ் ஆஸ்டர்டாகின் 'தி கேர்ள் ஃப்ரம் தி ஸீ' (2021) கதையில் கடலிலிருந்து வருகிற சீல்பெண் கெல்ட்டி, தான் யார் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். பெண்களைப் பிடிக்கும் என்பதை வீட்டுக்கு மறைத்து வாழ்வது மனுஷியான மார்கன்தான். ரகசியம் ஒருத்தியிடம், மாயம் இன்னொருத்தியிடம். சுசான் வாக்கர், வெண்டி ஷூ செய்த 'மூன்கேக்ஸ்' (2019) புத்தகத்தில் சூனியக்காரி நோவாவும் ஓநாயாக மாறும் டாமும் ஒருவரையொருவர் விரும்புவது வீட்டில் யாருக்கும் பிரச்சினையே இல்லை. வளர்க்கும் பாட்டிகள் இருவருமே ஒரு ஜோடி. சண்டை முழுக்கப் பேயோடுதான். மொக்குமொக்குரென் 2021-இல் தொடங்கிய 'ஹிகாரு இறந்த கோடை' என்ற மாங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸ்), திரும்பி வந்திருப்பது தன் நண்பன் இல்லை என்பது யோஷிகிக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் கூடவே இருக்கிறான். அது காதல் கதையா, திகில் கதையா என்று அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். ரகசியத்தை முதலிலேயே செலவழித்துவிட்டும் கதை எப்படி ஓடுகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். ஒரு அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: ஓநாயாக அவளால் என்ன முடியும், என்ன முடியாது, அதற்கு என்ன விலை கொடுக்கிறாள். மூன்றுக்கு மேல் போனால் வாசகர் நினைவில் நிற்காது. பெரும்பாலும் விடுபடுவது விலைதான். ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: மாறிய இரவில் அவளுக்குப் பேச்சு வராது, கேட்டது எதுவும் விடிந்தால் நினைவில் இருக்காது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் பௌர்ணமிக் காட்சியைத் திருப்பிப் போடுங்கள். அன்று இரவு காதலைச் சொல்வது மனுஷி, கேட்பது ஓநாய். அது மடியில் தலை வைத்துப் படுக்கிறது. அதையே சம்மதம் என்று இவள் எடுத்துக்கொள்கிறாள். விடிந்ததும் ஓநாய்ப்பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஏறக்குறைய பதினைந்து நாள் கழித்து அமாவாசையன்று, எந்த மாயமும் வேலை செய்யாத இரவில், அவள் தானாகவே, முதல் தடவை சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறாள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வசியத்தால் வந்த காதலா, நிஜமா என்ற கேள்வி இந்த வகைக் கதைகளைத் துரத்திக்கொண்டே வரும். அமாவாசையில் சொல்லவைத்தால் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. (இருவரையும் வயது வந்தவர்களாக வையுங்கள். முந்நூறு வயது காட்டேரியும் பதினாறு வயதுப் பெண்ணும் என்று எழுதிவிட்டு, 'அவளும் பார்க்கச் சின்னப் பெண்தானே' என்று சமாளிக்க வேண்டாம்.)

நாட்காட்டி ஒன்று கட்டாயம் போடுங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29½ நாள். இரண்டு மாதக் கதை என்றால் மூன்று மாற்றத்துக்கு மேல் இடமில்லை. 120 பக்கத்தில் 12, 58, 104 என்று வைத்துப் பாருங்கள். முழுநிலா சூரியன் மறையும் நேரத்தில்தான் உதிக்கும், நள்ளிரவு வாக்கில் உச்சிக்கு வரும். அந்தி வானத்தில் தலைக்கு நேர் மேலே முழுநிலாவும், நடுநிசியில் மூன்றாம் பிறையும் வரைந்தால், பஞ்சாங்கம் பார்க்கிற ஊர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார்.

அந்தப் பக்க எண்கள் எல்லாம் இரட்டைப்படை என்பதைக் கவனித்தீர்களா? நம் புத்தகங்களில் ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம் வரும். தாளைத் திருப்பியதும் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். மாற்றத்தை 13-இல் வைத்தால், 12-ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் ஓநாய் தெரிந்துவிடும். 11-இன் கடைசிக் கட்டத்தில் கதவு, திருப்பினால் 12-இல் ஓநாய். போனில் படிக்கும் செங்குத்து வடிவத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே 800 பிக்ஸல் அகலம் என்றால், அதிர்ச்சிக்கு முன்னால் 600 முதல் 1000 பிக்ஸல் வரை வெற்றிடம் விடுவார்கள். விரல் நகரும் நேரம்தான் அங்கே தாள் திருப்பும் நேரம்.

தமிழில் வரைவதால் ஒரு நல்ல ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது. ஓநாய் 'அது'. பெண் 'அவ'. இதைக் கொஞ்சம் பாருங்கள், மூன்றே கட்டம்:

கட்டம் 1. கையில் டார்ச்சோடு பக்கத்து வீட்டுக்காரர்: "அது இந்தப் பக்கமாத்தான் வந்துச்சும்மா."

கட்டம் 2. கதவை மறைத்து நிற்கும் மனுஷி: "யாரையும் கடிக்கல்ல? அவ அப்படியெல்லாம் செய்யமாட்டா."

கட்டம் 3. வசனமே இல்லை. டார்ச் வெளிச்சம் மெதுவாக அவள் முகத்துக்கு ஏறுகிறது.

ஒரே ஒரு 'அவ'. ரகசியம் போச்சு. இதற்கு விளக்கக் குறிப்பு எதுவும் எழுதிவிடாதீர்கள், செத்துவிடும்.

இதே இலக்கணம் காலையும் வாரும். தன்மையிலும் முன்னிலையிலும் நம் வினைக்குப் பால் கிடையாது: வந்தேன், வந்தே. படர்க்கையில்தான் 'வந்தான், வந்தா' என்று ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். டாம் மாதிரி ஆணும் பெண்ணும் அல்லாத பாத்திரம் வைத்தால் கதைசொல்லியின் குறிப்புப்பெட்டிகளைக் குறைத்து, நேர்ப்பேச்சைக் கூட்டுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் 'அவங்க'. சம வயதுக் கூட்டாளிகள் வாயில் அது கொஞ்சம் மரியாதை தூக்கலாக ஒலிக்கும். அப்போது பெயரையே சொல்லவைத்துவிடலாம்.

முறைப்பெயரையும் சும்மா விடாதீர்கள். மனுஷி இரண்டு வயது மூத்தவள் என்றால் ஓநாய்ப்பெண் முதலில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'அக்கா' எந்தப் பக்கத்தில் உதிர்கிறது, முதல் 'டி' எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முத்தத்தை விட அது பலமாக விழும். உறவுச்சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. 'ஸெயிலர் மூன்' ஆனிமேவின் பழைய ஆங்கில டப்பிங்கில் காதலிகளான ஹருகாவையும் மிச்சிருவையும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கினார்கள். படத்தில் அந்தப் பார்வை அப்படியேதான் இருந்தது. மறைக்கப்போய் இன்னும் விவகாரமாகிவிட்டது. தமிழில் 'தோழி' என்று போட்டு நழுவுகிறவர்களுக்கும் இதுதான் நடக்கும்.

முகம் பற்றிச் சுருக்கமாக. இரண்டு நாயகிகளையும் மொட்டைத்தலையோடு வரைந்து பாருங்கள். யார் யார் என்று தெரியவில்லை என்றால் நீங்கள் வரைந்தது ஒரே முகம், இரண்டு கூந்தல். ஓநாய் வடிவத்திலும் தொடர்கிற அடையாளம் ஒன்று வேண்டும்: இடது காதுமடலில் ஒரு வெட்டு போதும்.

அடுத்தது எழுத்து. தமிழ் காமிக்ஸ் பாதி நாறுவது இங்கேதான். 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே புள்ளிவட்டத்தோடு நிற்கிறதா? ஃபான்ட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பழைய ஃபோட்டோஷாப் என்றால் பிரிஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் (அதற்கும் பழைய பதிப்பில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்) தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பாரக்ராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர். காசில்லை என்றால் இங்க்ஸ்கேப் தமிழை ஒழுங்காகவே காட்டும். கவிவனார், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன.

ஒரு வசன பலூனுக்குப் பத்து, பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். 'போய்க்கொண்டிருக்கிறாயா' ஒரு சொல்லே பலூனைக் கிழிக்கும். 'போறியா' போதும். பலூனை முதலில் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். தலைகீழாகச் செய்தால் ஓநாயின் காதில்தான் வசனம் உட்காரும், அதுவும் நீங்கள் அரும்பாடுபட்டு வெட்டு போட்ட காதில். அச்சுக்குப் போகும்போது எழுத்து கறுப்பு மட்டும் 100 சதவீதம், நான்கு நிறம் கலந்த கறுப்பு வேண்டவே வேண்டாம். தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். இரவுக் காட்சிகளை சிஎம்ஒய்கே-யில் (அச்சில் வரும் நான்கு மை நிறங்களில்) ஒருமுறை பார்த்துவிட்டு வண்ணம் போடுங்கள். திரையில் ஜொலிக்கும் நீலம் தாளில் சாம்பல் பூத்துவிடும், உங்கள் கதையில் பாதி இரவு.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பலூனில் எழுத்தை அமைக்கும் இவ்வளவு வேலையும் பார்க்கிற எழுத்துக்கலைஞருக்கு (லெட்டரர்) அமெரிக்காவின் காமிக்ஸ் விருதான ஐஸ்னரில் தனிப் பிரிவே இருக்கிறது. இங்கே உள் அட்டையில் பெயர் வந்தால் பெரிது. அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பதிவு போட்டால் முதல் கமெண்ட் 'பிடிஎஃப் கிடைக்குமா ப்ரோ'. இரண்டாவது கமெண்ட் 'இதெல்லாம் நம்ம கலாச்சாரமா'. இரண்டாமவரும் பிடிஎஃப் கேட்டுத்தான் வந்திருப்பார்.

கடைசியாக மணிக்கணக்கு. பக்கத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் 120 பக்கத்துக்கு 1200 மணி. வாரம் 12 மணி ஒதுக்க முடிந்தால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதனால் வரைந்த 30 பக்கத்தையும் தூக்கிப்போடாதீர்கள். ஒரு பக்கத்துக்குத் தீப்பெட்டி அளவு என்று 120-ஐயும் சின்னதாகக் கிறுக்கி முடியுங்கள், இரண்டு வாரம் போதும். பழைய பக்கங்களில் எவை அதற்குள் பொருந்துகின்றன என்று பிறகு பாருங்கள். பௌர்ணமிப் பக்கம் எப்படியும் பிழைக்கும். படம் அப்படியே இருக்கட்டும், பலூனின் வால் மட்டும் ஓநாய்ப்பெண்ணிடமிருந்து மனுஷி பக்கம் திரும்ப வேண்டும்.