பிக்கப்பில் ட்ரெய்லர் இழுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். மினி டிராக்டரும் வைக்கோல் கட்டும் மிஷினும் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். அறுவடை நேரத்தில் ஒரத்தநாடு, பாபநாசம் வரை போக வேண்டியிருக்கிறது. இரண்டையும் ட்ரெய்லரில் ஏற்றி இழுக்க பிக்கப் வாங்கலாம் என்று இருக்கிறேன். "பின்னால் கொக்கி அடித்துத் தருகிறோம், தாராளமாக இழுக்கும்" என்கிறார் ஷோரூம்காரர். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரும். நல்லவேளை, வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள்.

முதலில் டிராக்டர், மிஷின், ட்ரெய்லர் மூன்றையும் பக்கத்து ரைஸ் மில் எடைமேடையில் ஏற்றி மொத்த எடைக்குச் சீட்டு வாங்குங்கள். அப்புறம் ஷோரூமுக்குப் போய், "இந்த மாடல் இத்தனை கிலோ ட்ரெய்லரை இழுக்க நிறுவனம் அனுமதித்திருக்கிறது" என்று கொட்டேஷனிலேயே எழுதி சீல் போட்டுக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோ கணக்கு பின்தொட்டியில் ஏற்றும் பாரத்துக்கானது. இழுவைக்கு வேறு கணக்கு. எழுதித் தரத் தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி வாங்கி, கிளட்ச் கருகியபின் "ட்ரெய்லர் மாட்டினீர்கள், வாரண்டி கிடையாது" என்ற பதிலோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

அந்தக் கொக்கி விஷயம். அனுமதியில்லாமல் வெல்டிங் வைத்து மாட்டினால் அது வண்டியை மாற்றியமைத்த குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அனுமதித்த எடைக்கு மேல் போனால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப் பாரத்தை இறக்காமல் வண்டி நகர முடியாது. அறுவடை நாளில் நடுரோட்டில் மினி டிராக்டரை இறக்கிவைத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். பட்டறையில் செய்து அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அதற்குத் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். வாய்க்கால் கரை ரோடுகளில் மதகுக்கு மதகு வளைவு. பிரேக் இல்லாத பாரமான ட்ரெய்லர் இறக்கத்தில் முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். யார் மீதாவது மோதி, இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல்தான் விழும்.

லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எழுதி வாங்கியும் வண்டி இழுக்கவில்லை என்றால், திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். வண்டி விலை 5 முதல் 10 லட்சம் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். "வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதனால் வண்டியை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். புகாரிலும் இதைத் தெளிவாக எழுதுங்கள்.