‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ படம் பார்த்தாயிற்று. அதற்கு மூலமான ‘இரேஷர்’ நாவலையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலுக்கும் சேர்த்து விமர்சனம் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதில். படத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இயக்குநர் கார்ட் ஜெஃபர்சனுக்கு 2024இல் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. படத்தில் ஓர் இலக்கியப் பரிசுக் குழுவில் கறுப்பின நடுவர்கள் இருவர் வேண்டாம் என்ற புத்தகத்துக்கு வெள்ளையர் மூவர் வாக்களித்துப் பரிசு கொடுக்கிறார்களே, அதுவும் கறுப்பினக் குரல்களுக்குச் செவிகொடுக்க வேண்டிய காலம் இது என்று சொல்லிக்கொண்டே, அந்த இடம் அபாரம்.

ஆனால் பெர்சிவல் எவரெட் 2001இல் எழுதிய நாவல் இன்னும் கடுமையானது. அதன் நாயகன் மங்க் எல்லிசன் கிரேக்க நாடகங்களைத் தழுவி எழுதும் கறுப்பின எழுத்தாளர். கடையில் அவர் புத்தகங்கள் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு அலமாரியில் இருக்கின்றன. அட்டையிலுள்ள அவர் புகைப்படத்தைத் தவிர அதற்குக் காரணமே இல்லை. அந்த ஆத்திரத்தில் ஸ்டாக் ஆர். லீ என்ற பெயரில் கறுப்பினத்தவரைப் பற்றிய தேய்ந்த பிம்பங்களையெல்லாம் அடுக்கி வேண்டுமென்றே மட்டமாக அவர் எழுதும் கதை, படத்தில் ஒரு காட்சியோடு முடிந்துவிடும். நாவலிலோ முழுதாக அச்சாகியிருக்கிறது. பலர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். தாண்டிப் போகாதீர்கள். முதலில் எரிச்சல் வரும், பிறகு சிரிப்பு வரும், அப்புறம் அந்தக் கதையின் நாயகன் வான் கோ ஜென்கின்ஸுக்கு என்ன ஆகும் என்று பக்கம் புரட்டத் தொடங்குவீர்கள். இத்தகைய கதைகளுக்கான சந்தையில் நாமும் வாடிக்கையாளர்தான் என்று அப்போது உறைக்கும். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940) நாவலின் முதல் பகுதியை முன்பே படித்திருந்தால் இன்னும் நல்லது. வான் கோ பணக்கார டால்டன் குடும்பத்தின் வீட்டில் காரோட்டியாகச் சேர்வது அங்கிருந்து எடுத்ததுதான். மங்க் வாசிக்கும் ஆய்வுரை பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ரோலான் பார்த்தைப் பகடி செய்வது, புரியவில்லையென்றால் விட்டுவிடலாம்.

மங்கின் சகோதரி லிசாவின் சாவைத்தான் படம் மென்மையாக்கிவிட்டது. படத்தில் மாரடைப்பு. நாவலில், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் என்பதால் அவளைச் சுட்டுக் கொல்கிறார்கள். பதிப்பக உலகத்தின் போலி அறத்தைப் பற்றிய கதைக்குள், அறத்தின் பெயரால் துப்பாக்கி தூக்கும் அமெரிக்காவும் வந்துவிடுகிறது. இதை எடுத்துவிட்டால் நாவல் பாதிதான்.

எவரெட் அடையாள அரசியலுக்கே எதிரி என்று கொண்டாடுகிறவர்கள், மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை அடிமை ஜிம்மின் வாயால் சொல்லும் அவரது ‘ஜேம்ஸ்’ நாவலையும் படித்துவிட்டுப் பேசட்டும். 2024இல் வந்தது, 2025இல் புலிட்சர் பெற்றது.